நீலம் முதலில் போகும்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கவரில் உன் முகவரியை எழுதித் தபால்தலையும் ஒட்டிவிட்டேன். கடிதம் அதற்குப் பிறகுதான். கவர் தயாராகக் கண்முன்னால் கிடந்தால் எழுதாமல் தப்பிக்க முடியாது. என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா?

நாங்கள் மூவரும் நலம். அவருக்குத்தான் முதுகுவலி. நாற்காலியை மாற்றுங்கள் என்றால், உன்னை மாற்றுவது சுலபம் என்கிறார். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் சாப்பாடு போடும்போதும் அப்படியே கேட்கிறேனாம். உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் கால் வீக்கம்? போனில் கேட்கலாம்தான். நாம் பேச ஆரம்பித்தால் அவள் கட்டிலில் இருந்தபடியே இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறாள்.

அம்மாவை இரண்டு மாதம் இங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தாய். இடுப்பு எலும்பு முறிந்து அவள் படுத்ததிலிருந்து ஒரு வருஷமாக நீ ஒருத்தியே பார்க்கிறாய். கேட்க உனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு இருப்பது இரண்டே அறை. பெண்ணுக்கு மே மாதம் கடைசி வருஷப் பரீட்சை. அது முடியட்டும் அக்கா. போன தடவை அம்மா இங்கே இருந்த பதினெட்டு நாளும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

மாத்திரைக் குழப்பத்துக்கு ஒரு வழி யோசித்தேன். அட்டையில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது என்றாயே, பெயரைப் படிக்கவே வேண்டாம். உன் தையல் கடையில் அறை அறையாக இருக்குமே, அந்தப் பொத்தான் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை எல்லா மாத்திரையையும் ஒரு தட்டில் உதிர்த்து, பொத்தான் பிரிக்கிற மாதிரி நிறம் பார்த்துப் பிரித்துப் போடு. வெள்ளை, இரத்த அழுத்தத்துக்கு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வெளிர் நீலம், இரத்தம் உறையாமல் இருக்க. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்று. நீலம் மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நிறத்தை நம்பினால் போதும், தப்பே வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 26

சின்னவளே,

நல்லா இருக்கியா? மாப்பிள்ளைக்கு முதுகு தேவலையா? இங்க நானும் அம்மாவும் வழக்கம்போல. இடுப்புதான் ஒடிஞ்சுது, வாய்க்கு ஒண்ணும் ஆகலை.

ஒரு அதிசயம் கேளு. நேத்து கண்ணாடியைக் கடையில தையல் மெஷின் மேலயே வெச்சுட்டு வந்துட்டேன். வீட்டுல உன் கடிதம் வந்து கிடந்துச்சு. சும்மா பிரிச்சுப் பார்த்தா எழுத்தெல்லாம் பளிச்சுனு தெரியுது! கண்ணாடியே இல்லாம! பதினாலு வருஷமா மூக்கு மேல உட்கார்ந்து சவாரி பண்ணினதுக்கு விடுதலை குடுத்துட்டேன். இன்னைக்கு ஊசியில நூல்கூடக் கோர்த்தாச்சு. எனக்கு வயசு ஐம்பத்தொன்பது, கண்ணுக்கு மட்டும் முப்பது. அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப வந்து பார்த்துட்டுப் போன மாப்பிள்ளைங்களும் திரும்பி வருவாங்களான்னு கேளு. போ, போய்த் தண்ணி கொண்டா"ங்கறா.

பஸ் நம்பர் மட்டும் கிட்ட வந்தாத்தான் தெரியுது. பஸ்ஸைக் கழுவாம ஓட்டறாங்கபோல.

அதனால நீ கவலையை விடு. கண்ணு இப்படியே மோசமாகிட்டுப் போனா அம்மாவை எப்படிப் பார்த்துக்கிறதுன்னு பயந்துதான் உன்னைக் கேட்டேன். இப்பத்தான் சரியாயிடுச்சே, நானே பார்த்துக்கிறேன். நீ தப்பிச்சே, போ! பொத்தான் பெட்டி யோசனை பிரமாதம். மூடியில வெள்ளை, நீலம்னு எழுதி ஒட்டிட்டேன்.

நீதான் தினமும் நாலு பேர் கண்ணைப் பார்க்கிறவ. இப்படித் தானா சரியாகிறது உண்டா? சொல்லு.

பெண்ணை நல்லாப் படிக்கச் சொல்லு.

அக்கா


மார்ச் 3 (அனுப்பாதது)

அன்புள்ள அக்காவுக்கு,

தானாகச் சரியாகாது. மாதத்துக்கு இரண்டு பேராவது இதே சந்தோஷத்தோடு என் கடைக்கு வருகிறார்கள். பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு விளக்கைப் பிடித்து அவர்கள் கண்ணைப் பார்ப்பேன். கண்மணிக்குப் பின்னால் தெளிவாக ஒரு வில்லை இருக்க வேண்டும். அது பழைய பிளாஸ்டிக் டப்பா மாதிரி பழுப்பாகித் தடித்திருக்கும். புரை என்பது அதுதான். மேலே தோலோ சதையோ வளர்வது இல்லை, உள்ளே இருக்கிற வில்லையே மங்குவது. தடிக்கும்போது அது வெளிச்சத்தைக் கூடுதலாக வளைக்கும். அதனால் கொஞ்ச நாளைக்குக் கிட்டத்து எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரியும், தூரம் மங்கும். பஸ் நம்பர் தெரியாதது பஸ்காரன் குற்றம் இல்லை அக்கா. இந்தச் சலுகை சில மாதம்தான். அப்புறம் கிட்டத்து எழுத்தும் மங்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று. வில்லை பழுப்பாகும்போது நிறங்களில் நீலம் முதலில் போகும். கருநீலம் கருப்பாகத் தெரியும். வெளிர் நீலமும் வெள்ளையும் ஒன்றாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் போனதே உனக்குத் தெரியாது. அதனால் மாத்திரைகளை இனி நிறம் பார்த்துப் பிரிக்காதே. நான் சொன்ன வழி தப்பு. அட்டையிலிருந்து உதிர்க்காமல் தனித்தனி டப்பாவில் வை. யாரையாவது ஒரு தடவை பெயரைப் படிக்கச் சொல்.

பயப்பட ஒன்றுமில்லை. முத்தும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் சில வாரம் பாரம் தூக்கக் கூடாது. அம்மாவைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைக்க உன்னால் முடியாது. இரண்டு கண்ணும் ஆக மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை அம்மாவை நான்


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து எங்கள் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். சிலருக்கு அப்படி ஆவது உண்டு. கண்ணாடி இல்லாமல் வசதியாக இருந்தால் போடாமலே இரு.

நாங்கள் நலம். கடையில் வேலை அதிகம், அதனால் இந்தத் தடவை சின்னக் கடிதம். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை


ஏப்ரல் 28

சின்னவளே,

எல்லாரும் சுகமா? பெண் சரியாத் தூங்கறாளா, இல்லை புத்தகத்து மேலயே விழுந்து கிடக்கிறாளா? எனக்கு முழங்கை தேவலை. அம்மாவுக்கு வீக்கம் வடிஞ்சிருக்கு.

கடையில ஒரு அசிங்கம் நடந்துபோச்சு. பள்ளிக்கூடத்துப் பாவாடை நாற்பத்திரெண்டு, கருநீலம். மடிப்பு முழுக்கக் கருப்பு நூல்ல அடிச்சு அனுப்பிட்டேன். அத்தனையும் திரும்பி வந்துடுச்சு. இத்தனை வருஷத்துல என் கையால தைச்ச ஒரு துணி திரும்பி வந்தது கிடையாது. பக்கத்து மெஷின்ல பொத்தானுக்குக் காஜா போடுறவ இருக்காளே, என்னைவிடப் பத்து வயசு சின்னவ, பேச்சுல அம்மாவுக்கு அக்கா. அவ ரெண்டு நூல்கண்டையும் கொண்டாந்து என் மூக்குகிட்ட நீட்டறா. "இது கருப்பு, இது நீலம், தெரியலையா?"ங்கறா. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. "ரோஸ் நூல் போட்டிருந்தாலாவது புது மாடல்னு சமாளிச்சிருக்கலாம் அக்கா"ன்னு சொல்லிட்டு, உட்கார்ந்து என்கூடவே நாற்பத்திரெண்டையும் பிரிச்சா.

தெருவிளக்குக்கு எல்லாம் தாடி முளைச்சிருக்கு. எதிர்ல வர்ற வண்டி வெளிச்சம் ஊசியா குத்துது. கீழ் வீட்டுல ரிட்டயர் ஆன கம்பவுண்டர் இருக்கார். அவர் பார்த்துட்டு, புரை வருது, ஆனா நல்லா முத்தினப்புறம்தான் எடுக்கணும்ங்கறார். மாங்காய்கூட இவ்வளவு நாள் மரத்துல தொங்காது. எனக்கு இந்த விஷயத்துல உன் பேச்சுதான் பேச்சு. உடனே எடுக்கணும்னா சொல்லு, அம்மாவை அங்க அனுப்ப ஏற்பாடு பண்றேன். இருக்கலாம்னா இருக்கேன்.

சீக்கிரம் எழுது.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. பெண் பரீட்சையை முடித்துவிட்டாள். அவருக்கு முதுகு பரவாயில்லை. நீயும் அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கம்பவுண்டர் அனுபவம் உள்ளவர். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. வெயிலில் போகும்போது குடை பிடித்துக்கொள். நூல் எடுக்கும்போது அந்தக் காஜா போடுகிறவரிடம் ஒரு தடவை காட்டிவிடு. இங்கே சுவரெல்லாம் இடித்துப் பூசிக்கொண்டிருக்கிறார்கள், ஒரே தூசு. ஆகஸ்டில் நான் நிச்சயம் அங்கே வருகிறேன், எல்லாவற்றையும் நேரில் பேசி முடிவு செய்யலாம்.

மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போகிறதா?

உன் தங்கை


ஜூலை 12

சின்னவளே,

இது என் எழுத்து இல்லைன்னு பார்த்ததும் தெரிஞ்சிருக்கும். காஜா போடுறவதான் எழுதறா. உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டறதும் அவதான். கிட்டத்து எழுத்தும் போன மாசத்தோட போயிடுச்சு. டீ கொட்டின காகிதம் மாதிரி எல்லாம் பழுப்பு. (வணக்கம் தங்கச்சி. அக்கா சொல்றதை அப்படியே எழுதறேன். அடைப்புக்குள்ள இருக்கறது மட்டும் என் சொந்தச் சரக்கு.)

நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அம்மா கையில, தொடையில எல்லாம் கன்னிப்போன மாதிரி திட்டுத் திட்டா இருக்குன்னு இவ சொல்றா. எனக்கு நிழல் மாதிரி தெரியுது. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அம்மா, "பெரியவ என்னைத் தூங்கவிட்டுக் கிள்ளறா"ன்னு புகார் சொல்றா. பல் தேய்ச்சா ரத்தம் வருதாம். வயசானா அப்படித்தானே? மாத்திரை எல்லாம் நேரத்துக்குக் குடுக்கிறேன். ஒரு வேளைகூடத் தப்பினது இல்லை. (அது நிஜம். வேலை தலைக்கு மேல கிடந்தாலும் மணி அடிச்ச மாதிரி எழுந்து வீட்டுக்கு ஓடறாங்க.)

அம்மா உன்னைக் கேட்டா. "கண்ணாடிக்காரி எப்ப வர்றா?"ன்னு. ஆகஸ்டுலன்னு சொன்னேன். "எந்த வருஷத்து ஆகஸ்டு?"ங்கறா.

ஒண்ணும் அவசரம் இல்லை. உன் சௌகரியம் பார்த்து வா. (அவசரம் இல்லைன்னு எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். எனக்கு அப்படித் தோணலை.)

அக்கா


ஆகஸ்டு 6

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தேன். நீ சாப்பிடுகிறாயா? காஜா போடுகிற சகோதரி தினமும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதைப் படிப்பதும் அவர்தான். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

உன் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று ஐந்து நாள் நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆறாம் நாள் அம்மா போய்விட்டாள் என்று தகவல் வந்துவிட்டது. ஆகஸ்டில் வருகிறேன் என்றவள் ஜூலையிலேயே வந்தேன்.

தலைவலி என்று சொல்லிவிட்டு அம்மா மதியம் தூங்கினாள், விழிக்கவே இல்லை, தலைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்று வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னைத் தனியாக அழைத்து என்ன சொன்னார் என்று நான் கேட்டதற்கு "வயசு" என்றாய். பொத்தான் பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரி மேலே வைத்திருந்தாய். எடுத்துக் கழுவட்டுமா என்றதற்கு, "தொடாதே" என்றாய். அப்படி ஒரு குரலில் நீ என்னிடம் பேசியதே இல்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நீ கதவு நிலையைத் தடவித் தடவி நடப்பது என் கண்ணிலேயே நிற்கிறது. தயவுசெய்து டாக்டரிடம் போ.

உன் தங்கை


ஆகஸ்டு 25

சின்னவளே,

எழுத்து கோணலா இருக்கும். ஒரு வரி மேல இன்னொரு வரி ஏறியிருந்தாப் பொறுத்துக்கோ. ஸ்கேலை வெச்சுத் தடவித் தடவி எழுதறேன். இதைக் காஜாக்காரிகிட்ட சொல்லி எழுதவைக்க முடியாது. போன்ல சொல்லவும் வாய் வரலை.

அன்னைக்கு டாக்டர் மாத்திரை எல்லாம் கொண்டாங்கன்னார். பொத்தான் பெட்டியைக் குடுத்தேன். மேஜையில கொட்டிப் பிரிச்சார். வெள்ளைன்னு எழுதி ஒட்டின அறையில பாதிக்குப் பாதி நீலமாம். "எத்தனை நாளா இப்படிக் குடுக்கறீங்க?"ன்னார். விளக்கைக் கிட்ட இழுத்து நானும் பார்த்தேன் சின்னவளே. எல்லாம் ஒரே வெள்ளை. ஒரு நாளைக்கு ஒண்ணு போக வேண்டிய மருந்து ரெண்டு, மூணுன்னு போயிருக்கு. அந்தத் திட்டு, பல்லுல ரத்தம், எல்லாம் அதனாலதானாம். அவர் திட்டியிருந்தாத் தேவலை. "நீங்க உங்க கண்ணைக் காட்டவே இல்லையாம்மா?"ன்னு மட்டும் கேட்டார்.

அம்மா கசக்குதுன்னு துப்பப் பார்ப்பா. நான் விடமாட்டேன். "வாயைத் திற, சின்னப் பிள்ளை மாதிரி பண்ணாதே"ன்னு அதட்டி, தண்ணி ஊத்தி முழுங்கவெச்சேன். தினமும். என் கையாலயே.

நீ எவ்வளவு தெளிவா எழுதியிருந்தே, நீலம் கூடவே கூடாதுன்னு. நான்தான் கோட்டை விட்டுட்டேன். உன் மேல ஒரு குத்தமும் இல்லை, அதை நினைச்சுதான் கொஞ்சம் மூச்சு விடறேன்.

ஆபரேஷன் வேணாம். இனிமே நான் எதைப் பார்க்கணும்? பதில் எழுதும்போது ஜாக்கிரதையா எழுது. அதைப் படிச்சுக் காட்டப்போறது காஜாக்காரிதான்.

நீ உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை எட்டுத் தடவை படித்தேன். நீ சொன்னபடி அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. ஒன்றே ஒன்று: நீ நினைப்பது சரி இல்லை. உன் மேல் மட்டும்

காஜா போடுகிற சகோதரிக்கு: மேலே ஒரு வரியை நான் அடித்திருக்கிறேன், அதை விட்டுவிடுங்கள். இதற்குப் பிறகு வருவதைத் தயவுசெய்து இரண்டு தடவை, மெதுவாகப் படித்துக் காட்டுங்கள்.

அக்கா, புரை முத்த வேண்டும் என்று காத்திருப்பது பழைய காலத்துப் பேச்சு. பொறுக்கலாம் என்று மே மாதம் நான் எழுதியது தப்பு. அப்படியே விட்டால் வில்லை கல் மாதிரி இறுகும், எடுப்பது கடினம். சிலருக்கு ஊதி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியோடு பார்வையே போய்விடும். இப்போது எடுத்தால் அரை மணி நேர வேலை. மரத்துப்போகச் செய்துதான் செய்வார்கள், வலிக்காது. ஒரு கண் முதலில், அது ஆறியதும் அடுத்தது. நான் வந்து உன்னோடு இருக்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் இருக்கிறேன்.

எதைப் பார்க்க என்று கேட்டிருந்தாய். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் நீ பார்க்க வேண்டும்.

உன் தங்கை


அக்டோபர் 20

சின்னவளே,

மாப்பிள்ளையும் பெண்ணும் சுகம்தானே? நான் இருக்கேன்.

ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்லிட்டேன். நவம்பர் நாலாம் தேதி, வலது கண். (நான் இழுத்துட்டுப் போய்க் காட்டினேன் தங்கச்சி. டாக்டர் என்னைத் திட்டினார், இவ்வளவு நாள் எங்க இருந்தீங்கன்னு. நான் என்ன பதில் சொல்ல, காஜா போட்டுட்டு இருந்தேன்னா?)

ஏன் சரின்னேன்னு சொல்றேன். உன் கடிதத்தை இவ படிக்கும்போது நடுவுல நிறுத்திட்டா. என்னடின்னா, "அடிச்ச வரியை விட்டுடச் சொல்லியிருக்காங்க. பேப்பர் கிழியற அளவுக்கு அழுத்தி அடிச்சிருக்காங்க"ங்கறா. அப்ப முடிவு பண்ணேன். உன் கடிதத்தை நானே என் கண்ணால படிக்கணும். நீ எழுதினதை எல்லாம் பிஸ்கட் டப்பாவுல தேதிவாரியா அடுக்கி வெச்சிருக்கேன். கண்ணு வந்ததும் முதல் கடிதத்துல இருந்து வரிசையாப் படிச்சுட்டு வரப்போறேன். நீ ஒழுங்காத்தான் சொல்லியிருக்கே. நான் எந்த இடத்துல கவனிக்காம விட்டேன்னு எனக்குத் தெரியணும். அது தெரியாம என்னால இருக்க முடியலை.

வந்துடு. வெயில் குறைஞ்சிருக்கு.

அக்கா

(தங்கச்சி, இது அவங்களுக்குப் படிச்சுக் காட்டாம எழுதறது. அக்கா ஒரு வேளைதான் சாப்பிடறாங்க. அதுவும் நான் முன்னால உட்கார்ந்தாத்தான். எதையோ தனியாச் சுமக்கறாங்க. என்னன்னு நான் கேக்கலை. உங்களுக்குத் தெரியும்னு தோணுது.)


டிசம்பர் 18 (மார்ச்சில் அனுப்பாத கடிதத்தின் பின்பக்கத்தில்)

அக்கா,

உன் கண்ணாடி இன்று தயாராகிவிட்டது. நானே பார்த்துப் பொருத்தி, நானே துடைத்து உறையில் வைத்தேன். உனக்கு வைத்த வில்லை தூரத்துக்கானது. படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். ஆறு வாரம் ஆகாமல் கண்ணாடி எண் நிலைக்காது என்று டாக்டர் சொன்னபோது நீ முகம் சுருங்கினாய். நான் உள்ளுக்குள் நிம்மதியானேன். இன்னும் ஆறு வாரத்துக்கு உன்னால் எதையும் படிக்க முடியாது என்ற நிம்மதி. ஆகஸ்டில் ஆபரேஷன் வேண்டாம் என்று நீ எழுதியபோதும் முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. இதே நிம்மதிதான்.

கட்டுப் பிரித்த அன்றைக்குக் காஜா போடுகிறவரின் உடுப்பைப் பார்த்து, "என்னடி இது, இவ்வளவு நீலம்!" என்றாய். எல்லோரும் சிரித்தோம். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீயும் கிழவி ஆயிட்டியே சின்னவளே" என்றாய். வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்த பெட்டியை எடுக்கச் சொன்னாய். மிச்சமிருந்த மாத்திரைகளைத் தட்டில் கொட்டினாய். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நீலம் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். "எவ்வளவு சுலபமா இருக்கு" என்றாய். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். பிறகு, கண்ணாடியை நானே செய்து கொண்டுவருகிறேன் என்று சொல்லி ஊர் திரும்பினேன்.

மார்ச்சில் எனக்கு எல்லாம் தெரியும். இந்தத் தாளின் முன்பக்கத்தில் இருப்பது அதுதான். மாத்திரையைக்கூட எழுதியிருக்கிறேன். "அம்மாவை நான்" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்தப் பதினெட்டு நாளில் அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. என் சமையலை, நான் துணி மடிப்பதை, என் பெண் தலை வாருவதை எல்லாம் பார்த்து, "பெரியவளா இருந்தா இப்படிச் செய்யமாட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் அக்கா. இவ்வளவு சின்னக் காரணம். பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நான் இந்த ஒன்பது மாதமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. பரீட்சை முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன், மேயில் சொல்லவில்லை. ஜூலையில் அந்தத் திட்டுகளைப் பற்றிப் படித்ததும் காரணம் புரிந்துவிட்டது. அப்போதும் போனை எடுக்கவில்லை.

"உன் மேல ஒரு குத்தமும் இல்லை" என்று நீதான் எனக்கு எழுதினாய். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து என்னால் கடையில் ஒருவர் கண்ணையும் நேராகப் பார்க்க முடியவில்லை.

நீ அந்த டப்பாவை வைத்துக்கொண்டு முதல் கடிதத்திலிருந்து தேடப்போகிறாய். எந்த இடத்தில் கவனிக்காமல் விட்டாய் என்று. அதில் இருப்பதை மட்டும் படித்தால், முடிவில் நீ மட்டும்தான் மிஞ்சுவாய். தேடுகிறது கிடைக்காமல் சாகும்வரை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாய். தூரம் தெரிகிற கண்ணையும், எழுத்து தெரிகிற கண்ணாடியையும் உனக்குக் கொடுத்துவிட்டு, படிக்க வேண்டிய தாளை மட்டும் நான் ஒளித்துவைத்துக்கொள்வது நடக்காது.

நாளைக் காலை ரயிலில் வருகிறேன். கண்ணாடி கொடுத்துவிட்டு மறுநாள் திரும்பிவிடுவாய் இல்லையா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. இதை அவரிடமும் சொல்லவில்லை, பெண்ணிடமும் சொல்லவில்லை.

நீ கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிற நேரத்தில் டப்பாவைத் திறந்து, பிப்ரவரிக் கடிதத்துக்கும் "ரொம்ப சந்தோஷம்" என்று எழுதிய மார்ச் கடிதத்துக்கும் நடுவில், இது இருக்க வேண்டிய இடத்தில், இதை வைத்துவிடுவேன். பிறகு எதிரே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். டீ போடவோ துணி மடிக்கவோ எழுந்து போகமாட்டேன். நீ முதல் கடிதத்தை முடித்து இந்தத் தாளை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார். அந்தத் தூரத்துக்கு அது வேண்டாம்.